ஏழைகள் அதிகம் அட்மிட் ஆகிறார்களா, குறைவாகவா?

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்த ஊரில் நின்றாலும் கொஞ்ச தூரத்தில் ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு கிட்டத்தட்ட 92 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். அப்படியிருந்தும் இங்கே வசதி குறைந்தவர்களுக்குச் சிகிச்சை சரியாக எட்டவில்லை என்று எழுதுகிறார்கள். நீங்கள் படித்த ஒரு ஆய்வு, ஏழைகள்தான் அதிகமாக ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள் என்கிறது. இன்னொன்று வசதியானவர்கள்தான் என்கிறது. இதில் எதை நம்புவது என்பது உங்கள் கேள்வி. அதற்குள்ளே இன்னொரு கேள்வியும் இருக்கிறது: படுக்கையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து, சிகிச்சை நியாயமாகப் போய்ச் சேர்கிறதா என்று சொல்லிவிட முடியுமா? சமூக மருத்துவம் படித்து, பிறகு சுகாதாரப் பொருளியலுக்கு வந்து, இதே மாவட்டத்தில் பல ஆண்டுகள் வீட்டுக் கணக்கெடுப்பு நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நீங்கள் படித்த இரண்டு ஆய்வுகளும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கவும் வாய்ப்பு உண்டு.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வசதியில்லாதவர்கள் ஆயிரம் பேர், வசதியுள்ளவர்கள் ஆயிரம் பேர். ஒரு வருடத்தில் முதல் கூட்டத்தில் 60 பேர் அட்மிட் ஆனார்கள், இரண்டாவதில் 50 பேர். இதை மட்டும் பார்த்தால் ஏழைகள் அதிகம் பயன்படுத்துகிறார்கள், அரசுப் பணம் சரியான இடத்துக்குப் போகிறது என்று எழுதிவிடலாம். ஆனால் முதல் கூட்டத்தில் அட்மிட் ஆகவேண்டிய அளவுக்கு உடம்பு முடியாதவர்கள் 120 பேர், இரண்டாவதில் 60 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஏழைகளில் பாதிப் பேருக்குத்தான் கிடைத்திருக்கிறது. வசதியுள்ளவர்களில் ஆறில் ஐந்து பேருக்குக் கிடைத்திருக்கிறது. தரவு ஒன்றுதான், முடிவு தலைகீழாக மாறிவிட்டது. எங்கள் துறையில் ‘ஒரே அளவு தேவைக்கு ஒரே அளவு சிகிச்சை’ என்பதுதான் அளவுகோல். மக்களை ஏழ்மையிலிருந்து வசதி வரை வரிசையாக நிறுத்தி, மொத்த அட்மிஷனில் யாருக்கு எவ்வளவு பங்கு போனது என்று பார்ப்பார்கள். அதற்குச் செறிவுக் குறியீடு என்று பெயர். ஆய்வைப் படிக்கும்போது அந்த எண் தேவையைக் கணக்கில் எடுத்துத் திருத்தப்பட்டதா, திருத்தாததா என்பதை முதலில் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிக் குழப்பம், எந்த நாட்டுத் தரவு என்பதில் இருக்கிறது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி அட்மிஷன் ஒவ்வொன்றும் பதிவாகிறது. நோயாளி குடியிருக்கும் பகுதி எவ்வளவு பின்தங்கியது என்ற குறியீட்டோடு அதைச் சேர்த்துப் பார்க்கவும் முடிகிறது. அப்படிப் பார்த்ததில் ஒரு விஷயம் உறுதியாகத் தெரிந்துவிட்டது: பின்தங்கிய பகுதிகளிலிருந்து அவசர அட்மிஷன் அதிகம். முன்கூட்டியே தேதி குறித்துச் செய்யும் சிகிச்சைகள் பலவற்றில், தேவையோடு ஒப்பிட்டால் அவர்களின் பங்கு குறைவு. 2016இல் வந்த ஒரு கணக்கீட்டின்படி, எல்லாப் பகுதிகளும் மிக வசதியான பகுதி மாதிரி இருந்திருந்தால் அந்த நாட்டின் ஆஸ்பத்திரிச் செலவில் ஆண்டுக்குச் சுமார் 480 கோடி பவுண்டு குறைந்திருக்கும். அங்கே சிகிச்சை இலவசம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1971இல் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற வேல்ஸ் நாட்டு மருத்துவர், சுரங்கத் தொழிலாளர் ஊரில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியதும் இதைத்தான். நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவைப்படுகிறதோ அங்கேதான் குறைவாகக் கிடைக்கிறது என்றார் அவர்.

இந்தியாவில் படம் வேறு மாதிரி. மத்திய அரசு வீடு வீடாக எடுக்கும் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் பெரும்பாலான சுற்றுகளில், செலவு செய்யும் சக்தி கூடக்கூட ஆஸ்பத்திரியில் சேரும் விகிதமும் கூடுகிறது. மாநிலங்களில் கேரளம் மேலே நிற்கும், பீகார் கீழே நிற்கும். இதைப் பார்த்து மலையாளிகள் நோயாளிகள், பீகார்க்காரர்கள் ஆரோக்கியசாலிகள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அமர்த்திய சென் 2002இல் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்: ‘உங்களுக்கு என்ன நோய்’ என்று கேட்டால் கேரளத்தில்தான் அதிகம் பேர் நோய் சொல்கிறார்கள், ஆனால் அங்கேதான் ஆயுளும் அதிகம். படிப்பும் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருப்பவருக்குத் தன் நோய் என்னவென்று தெரிகிறது. மற்றவருக்கு அது ‘வயசானா அப்படித்தான்’ என்று கழிந்துவிடுகிறது. நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் அதன்பின் வந்த திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் பழக்கத்தில் இன்றும் கேரளச் சாயல்தான் அதிகம். ஆகவே இங்கே, தேவையைச் சரியாக அளந்துவிட்டோம் என்று யார் சொன்னாலும் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஆய்வாளர் ‘தேவை’ என்று எடுத்துக்கொள்வது பெரும்பாலும் மக்கள் தாங்களே சொன்ன நோயைத்தான். அந்தச் சொல்லும் திறனே ஏழ்மையால் குறையும் என்றால், தேவை குறைத்து அளக்கப்படுகிறது, அநியாயமும் குறைத்து அளக்கப்படுகிறது. இந்தச் சிக்கலுக்கு முழுத் தீர்வு இதுவரை யாரிடமும் இல்லை. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டிலேயே அளந்து பார்த்து எழுதும் கணக்கெடுப்புகள் ஓரளவுக்கு உதவுகின்றன, அவ்வளவுதான்.

சரி, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறதே, பிறகு எது தடுக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பதால்தான் இந்தக் கேள்வியே வருகிறது. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறவர் விடிவதற்கு முன் மரத்தடிக்குப் போகிறார். பால் வடிந்து, எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு நிமிரும்போது முற்பகல் ஆகிவிடும். அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. நடப்பது அதே நேரத்தில். மீன் விற்கப் போகும் பெண்களுக்கும் அதே கதை. கரையில் மீன் ஏலம் எடுத்து, சுமந்து, வீடு வீடாகவோ சந்தையிலோ விற்கும் நேரம் அதுதான். இவர்கள் சுகருக்கு மாத்திரை வாங்க ஒரு காலைப்பொழுதை ஒதுக்கினால் அன்றைய கூலி போகும். மாத்திரை இலவசம், கூலி இலவசமில்லை. அதனால் மாத்திரை விட்டுப்போகும், காலில் புண் வரும். புண் கறுத்த பிறகு ஆசாரிப்பள்ளத்துக்குக் கொண்டுபோவார்கள். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இது ஒரு அட்மிஷன், ஏழையின் அட்மிஷன். புள்ளிவிவரத்தில் ‘ஏழைகள் ஆஸ்பத்திரியை நன்றாகப் பயன்படுத்துகிறார்கள்’ என்ற பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிடும். இதைத்தான் தவிர்த்திருக்கக்கூடிய அட்மிஷன் என்கிறோம். சர்க்கரை, ஆஸ்துமா, கட்டுப்படாத இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு ஆகியவற்றுக்கு வெளிநோயாளியாக ஒழுங்காகப் பார்த்திருந்தால் படுக்கை தேவைப்பட்டிருக்காது. ஒரு மாவட்டத்தில் ஏழைகளுக்கு முதல்நிலைச் சிகிச்சை எப்படி இருக்கிறது என்று அறிய, மொத்த அட்மிஷனைவிட இந்த வகை அட்மிஷன்தான் நல்ல சாட்சி என்று நினைக்கிறேன்.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆண்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிப்பவர்கள். வருமானத்தை மட்டும் கேட்டால் அவர்களில் பலர் ஏழை என்ற கட்டத்தில் விழமாட்டார்கள். ஆனால் முப்பது நாளுக்குக் கொடுத்த பிரஷர் மாத்திரை நடுக்கடலில் தீர்ந்துபோனால் என்ன செய்வது? நெஞ்சு வலித்தால் கரைக்கு வந்துசேர எத்தனை நாள் ஆகும்? பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கு இருக்கிற ஒன்றிரண்டு பேருந்தை விட்டால் வேறு வழி இல்லை. இன்னொரு பக்கம், பிள்ளைகள் எல்லோரும் வளைகுடாவில், கையில் பணம் இருக்கிறது, வீடு பெரியது, ஆனால் ஆஸ்பத்திரியில் துணைக்கு நிற்க ஒரு ஆள் இல்லாத அம்மாமார்கள். அட்மிட் ஆகச் சொன்னால் ‘கூட நிற்க ஆளில்லையே டாக்டர், மருந்து மட்டும் எழுதித் தாங்க’ என்பார்கள். நான் கணக்கெடுப்பில் கேட்ட பதில்களில் இதை மறக்க முடிந்ததில்லை. பணம், நேரம், துணை, வழி, மதிப்பு என்று பின்தங்கிய நிலைக்குப் பல முகங்கள் உண்டு. ரேஷன் அட்டையின் நிறத்தை மட்டும் பார்க்கும் ஆய்வு இந்த அம்மாவைப் பணக்காரி என்று எழுதிவிடும்.

மதிப்பு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஜாதியால் வழியும் வாசலும் மறுக்கப்பட்ட காலத்தில் இந்த மண்ணில் மிஷன் ஆஸ்பத்திரிகள் வந்தன. நெய்யூரில் 1838இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கிய மருத்துவப் பணி அதில் முந்தியது. எவரெஸ்ட் ஏறப் போன டி. ஹோவர்ட் சோமர்வெல் பின்னால் அதே நெய்யூருக்கு வந்து, இங்கத்து ஏழைகளின் வயிற்றுப்புண்ணுக்கு அறுவை செய்து பேர் வாங்கினார். நாகர்கோவிலில் சால்வேஷன் ஆர்மியின் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியும் அந்த வரிசையில் வந்ததுதான். பின்தங்கிய மக்கள் தலைநிமிர்ந்து நுழைய முடிந்த முதல் பொது இடங்களில் ஆஸ்பத்திரியும் ஒன்று. இந்த மாவட்டத்தில் ஏழைகளும் ஆஸ்பத்திரிக்குத் தயங்காமல் போகும் பழக்கத்துக்கு இந்த வரலாறும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். எண்களால் நிரூபிக்க முடிந்த விஷயமில்லை. இதை என் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், பிரசவம் நீங்கலாக ஒருமுறை உள்நோயாளியாகச் சேர்ந்ததற்கு ஆன சராசரிச் செலவு அரசு ஆஸ்பத்திரியில் சுமார் 4,450 ரூபாய், தனியாரில் சுமார் 31,850 ரூபாய். இது நாடு முழுமைக்குமான எண். ஏழு மடங்கு வித்தியாசம். அதோடு, ‘இலவசம்’ என்று சொல்லப்படும் இடத்திலும் நாலாயிரத்துக்கு மேல் போகிறது என்பதையும் பாருங்கள். துணைக்கு நிற்பவர் இழந்த கூலி தனி. இங்கே பெரும்பாலான வீடுகளில் முதலில் அடகுக்கடைக்குப் போவது பெண்களின் நகைதான். அதை மீட்டார்களா, முழுகிப்போனதா என்று கேட்காத ஆய்வு, செலவைப் பாதிதான் பார்த்திருக்கிறது. கடன் வாங்கியும் நகை விற்றும் அட்மிட் ஆனவரும், சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டியவரும் அட்மிஷன் எண்ணிக்கையில் ஒன்றுதான்.

இங்கே ஆய்வாளர்களே அடிக்கடி சறுக்கும் ஒரு இடம் இருக்கிறது. ஏழ்மையால் நோய் வருகிறது என்று படிக்கிறோம், உண்மைதான். ஆனால் நோயாலும் ஏழ்மை வருகிறது. கிட்னி பழுதாகி வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் போகிற ஒருவரின் வீட்டுக்கு ஐந்து வருடம் கழித்து நீங்கள் போனால், நகையும் போய், நிலமும் ஒற்றிக்குப் போய், அந்தக் குடும்பம் ஏழைப் பட்டியலில் இருக்கும். அவர்தான் ஆஸ்பத்திரியை மிக அதிகம் பயன்படுத்துகிறவராகவும் இருப்பார். ஒரே நாளில் எடுத்த கணக்கெடுப்பில் இது ‘ஏழைகள் அதிகம் பயன்படுத்துகிறார்கள்’ என்று தெரியும். நோய் வருவதற்கு முன் அந்தக் குடும்பம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முடியும். ஒரே குடும்பங்களை வருடக்கணக்கில் பின்தொடரும் ஆய்வுகள் நம் நாட்டில் மிகக் குறைவு. இந்தத் தலைப்பில் வரும் முடிவுகளில் பெரும்பகுதியை ‘தொடர்பு இருக்கிறது’ என்ற அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ‘இதனால்தான் இது’ என்று எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

குமரி மாவட்டத்துக்கென்றே தனியாக ஒரு தரவுச் சிக்கலும் உண்டு. விளவங்கோடு, கிள்ளியூர்ப் பக்கத்து ஆட்களுக்குப் பெரிய நோய் என்றால் திருவனந்தபுரம்தான். மெடிக்கல் காலேஜ், இதயத்துக்கும் நரம்புக்கும் ஸ்ரீசித்ரா, புற்றுநோய்க்கு ஆர்.சி.சி. என்று போய்விடுவார்கள். அந்த அட்மிஷன்கள் இந்த மாவட்டத்து ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் வராது. போக வசதியுள்ளவர் எல்லை தாண்டிப் போய், முடியாதவர் இங்கேயே சேர்கிறார் என்றால், உள்ளூர்ப் பதிவேட்டை வைத்துச் செய்யும் எந்த ஆய்விலும் ஏழைகள் பங்கு கூடுதலாகத்தான் தெரியும். ஆஸ்பத்திரிப் பதிவேட்டுக்கு இன்னும் இரண்டு குறை. கேஸ் ஷீட்டில் வயது, ஊர், நோய் இருக்கும். வருமானமோ சொத்தோ இருக்காது. அதைவிடப் பெரிய குறை, வராதவர் அதில் இருக்கவே மாட்டார். அதற்காக மாவட்டச் சராசரியை நம்பலாமா என்றால் அதுவும் கஷ்டம். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு நெடுங்காலமாக மாநில அளவுக்குத்தான் திட்டமிடப்பட்டு வந்தது. அதை ஒரு மாவட்டத்துக்கு வெட்டி, அதற்குள் மீனவர், காணி, தோட்டத் தொழிலாளி என்று மறுபடி வெட்டினால் கையில் மிஞ்சுவது சில வீடுகள்தான். மாவட்டத்தின் நல்ல சராசரி, கடற்கரையையும் மலையையும் மறைத்துவிடுகிறது.

காப்பீடு பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியது. இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. பெரிய அறுவை சிகிச்சைகளை ஏழைகளுக்கு எட்ட வைத்ததில் அதன் பங்கைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் அது முக்கியமாகப் படுக்கையில் சேர்ந்த பிறகு வரும் பணம். மாதாமாதம் மாத்திரைக்கும் பேருந்துக்கும் போன கூலிக்கும் அதில் இடமில்லை. காப்பீட்டால் மக்களின் கைச்செலவு குறைந்ததா என்பதில் இந்திய ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. 2008இல் வந்த மத்திய அரசின் பழைய காப்பீட்டுத் திட்டத்தைப் பார்த்த பல ஆய்வுகளில் தெளிவான குறைவு தெரியவில்லை. இதை இன்னும் தீராத விவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சுகர் பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நான் மேலே சொன்ன கூலித் தடையை நேராகத் தொடும் திட்டம் அது. தவிர்த்திருக்கக்கூடிய அட்மிஷன்கள் குறையவேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு. குறைந்ததா என்று பார்ப்பது நல்ல ஆய்வுத் தலைப்பு, நீங்களே எடுக்கலாம். வீட்டுக்கு வரும்போது பால்வெட்டுகிறவரும் கடலுக்குப் போனவரும் வீட்டில் இருக்கிறார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அதிகப் பயன்பாடு என்றாலே நல்லது என்றும் நினைக்கவேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் சுமார் 45 சதவீதம் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் பார்த்தால் சுமார் 64, அரசில் 36. தனியாருக்குப் போகும் பெண்ணுக்கு உடம்பில் அவ்வளவு கூடுதல் தேவை இருக்க வாய்ப்பில்லை. ஏழைக்கும் பணக்காரருக்கும் உள்ள இடைவெளியில் ஒரு பகுதி ஏழைக்குக் கிடைக்காதது, இன்னொரு பகுதி மற்றவருக்குத் தேவையில்லாமல் கொடுக்கப்பட்டது. இரண்டையும் பிரித்துச் சொல்லும் ஆய்வை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் களத்துக்குப் போவதாக இருந்தால் ஒரு யோசனை. ‘கடந்த ஒரு வருடத்தில் யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்களா’ என்ற கேள்வியோடு நிறுத்திவிடாதீர்கள். ‘சேரச் சொல்லியும் சேராமல் வந்தது உண்டா, ஏன்’ என்று கேளுங்கள். சேர்ந்தவரிடம், அறிகுறி தொடங்கி எத்தனை நாள் கழித்துப் போனீர்கள், ஓ.பி. வழியாகப் போனீர்களா அவசரப் பிரிவு வழியாகவா, துணைக்கு யார் நின்றார்கள், அவர் எத்தனை நாள் வேலையை விட்டார், பணம் எங்கிருந்து வந்தது, திருவனந்தபுரம் போனீர்களா என்று கேட்டு எழுதுங்கள். அந்த வருடம் வீட்டில் இறந்தவர் உண்டா, கடைசி மாதத்தில் அவருக்குச் சிகிச்சை கிடைத்ததா என்பதையும் விட்டுவிடாதீர்கள். உயிரோடு இருப்பவர்களை மட்டும் கேட்டால், தாமதத்தால் போனவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். கடற்கரை ஊர்களில் காலையில் போகாமல், ஏலம் முடிந்து பெண்கள் வீடு திரும்பிய பிறகு போங்கள்.